வேறு பொருள் எதுவும் இல்லாததால்

சான்றிதழ் வந்து இருபத்தேழாம் நாள்.
முப்பதுக்குள் இயக்குநர்கள் கூடியாக வேண்டும்.
கம்மனஹள்ளி, இரண்டாம் மாடி,
குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது
கூட்டம் தொடங்கியது.

வருகை: முபீனா, நான்.
இருவர் போதும் என்கிறது சட்டம்.
யார் தலைவர் என்பதில்தான் இழுபறி.
நீயே இரு. இல்ல, நீ இரு.
பூவா தலையா போட்டதைக்
குறிப்பேட்டில் எழுதவில்லை.

ஆடிட்டரை நியமித்தோம்.
வங்கிக் கணக்குக்குத் தீர்மானம் போட்டோம்.
அவள் பங்குப் பணம் ஐம்பதாயிரம் தயார்.
என்னுடையது
அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு
பி.எஃப். அலுவலகத்தில் படுத்திருக்கிறது.
அது வராமல்
தொழில் தொடங்கிவிட்டோம் என்று அறிவிக்க முடியாது.
நூற்றெண்பது நாள் இருக்குல்ல, என்றாள்
ரசத்தை ஊற்றிக்கொண்டே.

மறுநாள் பெயர்ப்பலகை.
கன்னட எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், விதி.
எங்கள் இருவருக்குமே வாசிக்கத் தெரியாது.
பெயின்டர் ஈரப்பா தூரிகையைத் துடைத்துவிட்டு
தான் எழுதியதைத் தானே உரக்கப் படித்தார்:
நொச்சி பிரைவேட் லிமிடெட்.
இன்னொருவர் வாயில்
அன்றுதான் அதைக் கேட்டோம்.

அப்படின்னா என்ன?
முபீனா போனில் செடியைக் காட்டினாள்.
ஓ, லக்கி! என்றார்.
அதிர்ஷ்டத்தைச் சொல்கிறார் என்று
அசட்டுத்தனமாகச் சிரித்தேன்.
அதில்லை,
அந்த இலைக்கு இங்கே அதுதான் பெயர்.
சளி பிடித்தால் ஆவி பிடிப்பார்களாம்.

இரவு குறிப்பேட்டின் கடைசி வரி:
'வேறு பொருள் எதுவும் இல்லாததால்
கூட்டம் நிறைவுற்றது.'
பொருள் என்ற சொல்லின் மேல் விரலை வைத்து
முபீனா என்னைப் பார்த்தாள்.
விரலை எடு, என்றேன்.
தலைவர் என்ற இடத்தில்
கையெழுத்துப் போட்டேன்.