விடுதலைப் பத்திரம்

நீடாமங்கலம் சார்பதிவாளர் ஆபீஸ் எதிரில்
ஜெராக்ஸ் கடை நிழல்.
எழுத்தர் மூச்சுவிடாமல் படிக்கிறார்:
கிழக்கே வடிவாய்க்கால், மேற்கே
மாசிலாமணி வகையறா நஞ்சை,
தெற்கே வண்டிப்பாதை, வடக்கே...
பக்கம் புரட்ட எச்சில் தொட்டுக்கொள்கிறார்.

அப்பா போய் நாற்பத்தோரு நாள்.
அவர் அறுத்த குறுவைக்குக்
கொள்முதல் பணம் நேற்றுதான் ஏறியது,
அவர் கணக்கில்.
அவர் போன் என் பைக்குள் ஒருதரம் அதிர்ந்தது.

தம்பி டீ வாங்கி வந்தான்.
சர்க்கரை தூக்கலாக.

"ஒரு வரி சேர்க்கணும்" என்றேன்.
"தையல்நாயகியாகிய நான்
அந்த வரப்பில் நடக்கலாம்னு."

எழுத்தர் கண்ணாடியை இறக்கினார்.
"அதுக்குப் பேரு பாத்தியதைம்மா.
அதை எழுதினா
இது விடுதலை ஆகாது."

தம்பி அப்போதுதான் என்னைப் பார்த்தான்.
பேனாவை மூடினேன்.
மன்னார்குடிக்கு அடுத்த பஸ்
எத்தனை மணிக்கு என்று
ஜெராக்ஸ் கடைக்காரரைக் கேட்டேன்.