காரணம் என்கிற கட்டம்

பல்லடத்தில் வெள்ளியங்கிரியின் பட்டறை.
பம்பரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு
'மஞ்சளா வெள்ளையாங்க டாக்டர்?' என்றான்.
மஞ்சள் மழைக்கு நல்லதாம்.
நம்ம பக்கம் மழையா என்று சிரித்து
வெள்ளை என்றேன்.

ரிலே ஒன்று, பியூஸ் ஒன்று,
பேட்டரியிலிருந்து தனியாக ஒரு சிவப்பு வயர்,
ஹாரனுக்குப் பக்கத்தில் எர்த்.
டேஷ்போர்டில் துளை போடும்போது மட்டும்
எனக்குப் பல் கூசியது.
இன்னும் பதினாலு தவணை பாக்கியிருக்கிற பொலிரோ.

'பகல்ல உறைய மாட்டிருங்க.
ராத்திரி எதுக்க வண்டி வந்தா அமத்திப்போடுங்க.
போலீசு புடிச்சா எம்பேரச் சொல்லாதீங்க.'
மூவாயிரத்து எண்ணூறு.
சில்லறை இல்லையென்று
கண்ணாடி துடைக்கிற துணி ஒன்று தந்தான்.

முதல் ராத்திரி
குண்டடம் ரோடு முழுக்க என்னுடையது.
கிளுவை வேலியில் முள் முள்ளாகத் தெரிந்தது.
புளியமரத்தில் அடித்த எண்,
மைல்கல்லில் உட்கார்ந்திருந்த ஆந்தை,
பாலத்துச் சுவரில் யாரோ யாருக்கோ
கரியால் எழுதிய 'மன்னிச்சிரு'.
ஏழு வருசமாய்ப் போய்வருகிற ரோட்டில்
இத்தனை இருந்ததா என்று
ஸ்விட்சை அமத்தியும் போட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒன்பதாம் நாள்
பதினொன்றரைக்கு ரத்தினாம்பாள் கூப்பிட்டார்.
'கரண்டு போயி ஒரு மணி நேரமாச்சுங்க.
ஜெனரேட்டரும் எடுக்கமாட்டீங்குது.
கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குதுங்க.'
முப்பத்து நாலு நாள் பேட்ச். நாலாயிரத்து ஐநூறு.
அடுத்த வாரம் லாரி வரவேண்டும்.

பத்தே நிமிடத்தில் போய்விட்டேன்.
தண்ணீர்த் தொட்டி தாண்டி மண்தடத்தில் இறங்கியபோது
ஷெட் கறுப்பாய்க் கிடந்தது,
இருநூறடி நீளத்துக்கு ஒரே மூச்சாய்.

அதன்மேல் வெள்ளையாய்த் திரும்பினேன்.

இதைப் படித்திருக்கிறேன்.
நாலாம் வருடம், ஐந்து மார்க் கேள்வி:
இருட்டில் திடீர் ஒளி, மிரட்சி,
மூலையில் குவிதல்,
அடியில் சிக்கியவை மூச்சுத் திணறி...
ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறேன்.

வலைக்கம்பியின் நிழல்
கட்டம் கட்டமாய் அவற்றின்மேல் ஓடியது.
ஒரு சத்தம்.
அருவி என்று சொல்லலாம்,
அருவிக்கு மூலை கிடையாது.
கிழக்குச் சுவரோடு வெள்ளைமேல் வெள்ளையாய்
இடுப்புயரம் ஏறியது.

ஸ்விட்ச் எங்கேயென்று கை தடவியது.
ஒன்பது நாளாய் விளையாடிய ஸ்விட்ச்.

பிறகு நாங்கள் மூன்று பேர்
செல்போன் வெளிச்சத்தில், அதையும் துண்டால் மூடி,
ஒவ்வொன்றாய்ப் பிரித்து எடுத்துப் போட்டோம்.
அடியில் கிடந்தவை அப்போதும் சூடாக இருந்தன.
நூற்று எழுபதுக்கு மேல் ரத்தினாம்பாள்
வாய்விட்டு எண்ணுவதை நிறுத்திக்கொண்டார்.
கரண்ட் வந்தது.
ஃபேன்கள் தம் பாட்டுக்குச் சுற்றின.

'வெக்கையிலயே போயிருக்குமுங்க'
என்றார் அவர் வீட்டுக்காரர், மோரை நீட்டியபடி,
என் முகத்தைப் பார்க்காமல்.
வெக்கை என்றால் ஜெனரேட்டர் பழுது,
ஜெனரேட்டர் பழுது என்றால் பண்ணையாளர் கவனக்குறைவு,
வளர்ப்புக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.
தெரிந்துதான் சொன்னார்.
எனக்குச் செய்த மரியாதையா,
அடுத்த பேட்ச் குஞ்சுக்குப் போட்ட மனுவா,
மோர் குடித்து முடிக்கும்வரை
கேட்க வாய் வரவில்லை.

இறப்புப் பதிவேட்டில்
தேதி, வயது, எண்ணிக்கை எழுதினேன்.
இருநூற்றுப் பதினொன்று.
காரணம் என்கிற கட்டம் ஒன்றரை அங்குலம்.
வாகன விளக்கு என்று எழுதி
எழுத்தை நெருக்கி
மருத்துவருடையது என்றும் சேர்த்தேன்.

மூன்றாம் நாள்
கோயமுத்தூர் ஆபீசிலிருந்து ஒரு பெண் பேசினாள்.
'டாக்டர், இந்தக் காரணம் சிஸ்டத்துல இல்லீங்க.
வெப்ப அயர்ச்சின்னு போட்டுக்கட்டுங்களா?'

வண்டியை ஓரம் கட்டியிருந்தேன்.
நல்ல வெயில்.
இரண்டு விளக்கும் உறைக்குள் இருந்தன.
'ஹலோ' என்றாள்.
மறுபடியும் 'ஹலோ' என்றாள்.