தொள்ளாயிரம் மில்லி

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில்
தும்மிக்கொண்டு நின்றேன்.
ஜனவரி, ராத்திரி ஒன்பது மணி.
பீய்ச்சும் தண்ணீரில்
கேரட் மட்டும்தான் குளிராமல் கிடந்தது.
மூக்கு ஒழுகி மீசையில் உறைந்தது என்றால்
கீழ்நாட்டுக்காரர்கள் நம்பமாட்டார்கள்.
விடுங்கள்.

மருந்துக்கடை ஷிஹாப் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான்.
குனிந்து கேட்டேன். குனிந்தே கொடுத்தான்.
சுகர் உண்டா? இல்லை.
பிரஷர்? கொஞ்சம்.
வேற ஏதாச்சும்?

வேறு ஒன்று இருந்தது.
ஒரு வருஷமாக நூலாய் இறங்கிக்கொண்டிருந்தது.
நான் முடிப்பதற்குள்
கிளீனர் பையன் ஒரு பீடி முடித்துவிடுவான்.
பாதி ஷட்டருக்குக் கீழே
அதை எப்படிச் சொல்வது?
இல்லை, என்றேன்.

ஒண்ணு போதும், தூக்கம் வரும்,
வண்டி எடுக்காதீங்க, என்றான்.
நான் எடுக்காவிட்டால் கேரட்டா நடந்து போகும்?
அருவங்காட்டில் ஒன்று.
குன்னூர் தாண்டி ஒன்று.
மேட்டுப்பாளையம் மண்டியில், டீயோடு, இன்னொன்று.
மூக்கு நின்றது. சுத்தமாக.
எடைபோடும் துரைக்கண்ணுகூட,
என்ன போஜன், குரல் தெளிஞ்சிருக்கே, என்றார்.

காலி வண்டி மேலேறும்போது தொடங்கியது.
கல்லாறு பாலத்தில் நிறுத்தினேன். நின்றேன். வரவில்லை.
நாலாவது வளைவில் நின்றேன்.
எதிரே ஓர் ஓடை பாறையில் இறங்கிக்கொண்டிருந்தது,
வெட்கமே இல்லாமல்.
ஸ்ஸ்ஸ் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்,
கைக்குழந்தையைக் காலில் வைத்துச் சொல்வதுபோல்.
ஐம்பத்தெட்டு வயதுக் குழந்தை
அசையவில்லை.
அடிவயிற்றில் சுட்ட கருங்கல்.
ஒவ்வொரு குழிக்கும் அது இடம் மாறி உட்கார்ந்தது.
ஏழு. எட்டு.
ஒன்பதாவது வளைவில் நான் இறங்கவில்லை.
அங்கே யானை நின்றது.

விளக்கை அணைத்தேன்.
சுகுமாறன் மூச்சை அணைத்தான்.
ஒற்றைக் கொம்பன். எங்களை ஒரு பொருட்டாக நினைக்காமல்
நின்றபடி
பெய்தது.
மழைக்கும் இதற்கும்
நம் ஆட்கள் ஒரே சொல்லை ஏன் வைத்தார்கள் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
தாரில் நுரைத்து, வளைவோடு வளைந்து,
எங்கள் டயரை நனைத்து, சரிவில் இறங்கியது.
நிலா வெளிச்சத்தில் ஆவி எழுந்தது.
சுகுமாறன் கும்பிட்டான்.
நான் அழுதேன்.
பயத்தில் அழுதேன் என்று இன்னும் ஊரெல்லாம் சொல்லிவருகிறான்.

குன்னூர் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர்.
வயிற்றைத் தட்டிக்கொண்டே கேட்டது:
சளிக்கு மாத்திரை போட்டீங்களா?
அட்டையை எடுத்து நீட்டினேன்,
செக்போஸ்ட்டில் பர்மிட் நீட்டுகிற கை.
மூன்று குழிகள் காலி.
அந்தப் பெண் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இது:
மூக்குக் குழாயை மூட அனுப்பிய ஆள்
வீடு முழுக்கச் சுற்றி
கண்ணில் பட்ட குழாயையெல்லாம் மூடியிருக்கிறான்.
அதில் ஒன்று
ஏற்கெனவே துருப்பிடித்தது.

எத்தனை நாளா மெலிசாப் போகுது?

ஒரு வருஷம், என்றேன்.
கேத்தியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த மாதி
கதவோரம் நின்றிருந்தாள்.
அவளுக்கு அது புதுச் செய்தி.
ஸ்வெட்டர் பொத்தானை
ஒன்றைக் கழற்றினாள், மறுபடி போட்டாள்.

ரப்பர் குழாய் போன வழியைச் சொல்லப்போவதில்லை.
அதற்குப் பிறகு வந்த சுகத்தைச் சொல்லத் தெரியவில்லை.
நர்ஸ் ஸ்டெல்லா பையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்து,
தொள்ளாயிரம், என்றாள்,
அப்படியே துரைக்கண்ணு குரலில்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள்.
இனி நீங்களே போகணும், போய்ட்டு வந்து சொல்லணும்.
கழிவறை ஜன்னலில் கண்ணாடி இல்லை,
பனி உள்ளே வந்து எனக்கு முன்னால் நின்றது.
கதவுக்கு வெளியே மாதி.
வந்துச்சா, என்றாள், வார்டே கேட்க.
முதலில் வந்தது மூக்குதான்.
அதை ஒழுக விட்டேன்.
பொறு, என்றேன்.
பொறுத்தாள்.