பச்சை மூடி

அதிகாலை மூன்று பத்து.
காற்றுக் குழாய் வழியே தடாலென்று வந்து விழுந்தது பை.
பச்சை மூடி, இன்னும் இளஞ்சூடு.
பத்து நிமிடம் சுழற்றினால்
சிவப்பு அடியில் படிந்துவிடும்.
மேலே நிற்பது
தண்ணீர் கலந்த நல்லெண்ணெய் நிறம்.
அதுதான் பேசும்.

நான் பெயர்களைப் படிப்பதில்லை.
ஸ்டிக்கரின் கோடுகளை இயந்திரமே படித்துக்கொள்ளும்.
பதினான்கு வருடப் பழக்கம்,
பெயரைப் படித்தால் அது வீடுவரை கூடவே வரும்.
அன்று ஏன் படித்தேன், தெரியவில்லை.
ஞானதுரை த/பெ சவரிமுத்து.
ஆண். அறுபத்து நான்கு.

பிடோக் நார்த், என் புளோக், ஒன்பதாவது மாடி,
எனக்கு நேர் கீழ் வீடு.
மூங்கில் கழியில் நான் காயப்போடும் துணி
அவர் துணிமேல் சொட்டுகிறதென்று
நகர மன்றத்துக்கு எழுதிப் போட்டவர்.
இரண்டு முறை. இரண்டாவது முறை படத்துடன்.
லிஃப்டில் இருவரும்
மாடி எண்களையே பார்த்துக்கொண்டு போவோம்.

இப்போது திரையில் வேறு எண்கள்.
ட்ரோபோனின் எழுபத்தொன்று.
மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு குழாய்:
நானூற்றுப் பன்னிரண்டு.
இதயத் தசை உடைந்து ஒழுகுவதை
இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.
வார்டுக்குப் போன் செய்தேன்.
தாதி நூர்ஹயாத்தி திருப்பிச் சொன்னாள்,
நான்கு, ஒன்று, இரண்டு.
சரி என்றேன்.
விதிப்படி அவ்வளவுதான் பேச்சு.

பிறகு அந்த இன்னொரு எண், ப்ரோ-பிஎன்பி.
நெஞ்சு கனக்கிறது என்று
சும்மா சொல்லிவிடுகிறோம்,
கடன்காரன் வந்தாலும், மகள் பேசாமல் போனாலும்.
அந்தக் கனத்துக்கு ஒரு தராசு இருக்கிறது.
இழுபட்ட இதயச் சுவர்
தானே எழுதிக் கசியவிடும் சீட்டு.
நாலாயிரத்து எண்ணூற்று அறுபது.

அந்த எண்ணுக்கு ஒரு வரைபடம் உண்டு,
மாநாட்டுக் குளிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.
நூறு பேர் கிளம்புவார்கள்,
கோடு இறங்கும் ஒவ்வொரு படியிலும்
யாரோ ஒருவர் நின்றுவிடுவார்.
யார் என்று கோட்டுக்குத் தெரியாது.
நூறு பேரைப் பற்றி அது சொல்வது நிஜம்.
ஒன்பதாம் மாடியைப் பற்றி
ஒன்றும் சொல்லாது.

நானும் சொல்லக்கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
தேடிப் பார்ப்பதும் குற்றம்,
என் ஷிஃப்டில் தானாக வந்தால் மட்டும் கண்ணில் படும்.
அவர் வீடு திரும்பியதைக் கழி சொன்னது,
நான்கு வெள்ளைச் சட்டை.
பிப்ரவரியில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
மே மாதம் ஆயிரத்து முந்நூற்று நாற்பது,
அன்று கோப்பிக்கடையில் ஏனோ
இன்னொரு தட்டு காயா ரொட்டி வாங்கினேன்.
ஆகஸ்ட்டில் மறுபடி மூவாயிரத்தைத் தாண்டியது.
கருவாடா? மாத்திரையை விட்டுவிட்டாரா?
லிஃப்டில் குனிந்து
அவர் செருப்பு வாரைப் பார்த்தேன்.
கால் வீங்கி, வார் பதிந்திருந்தது.
"என்ன?" என்றார்.
"ஒன்றுமில்லை."
ஒரு வருடத்தில் எங்கள் முதல் பேச்சு.

துணியை இப்போது இரண்டு தடவை பிழிகிறேன்.
என் கையில் இருப்பது அதுதான்.

நேற்றுப் போர்வை.
எத்தனை பிழிந்தாலும் போர்வை போர்வைதான்.
மணி அடித்தது. லிஃப்ட் பழுது,
படியேறி வந்திருக்கிறார்.
கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு
"எத்தனை தடவைதான் சொல்றது உங்களுக்கு,
என் வெள்ளைச் சட்டையெல்லாம் நீலமாப் போச்சு,
நாளைக்கே நகர மன்றத்துக்கு எழுதறேன் பாருங்க"
என்று கத்தினார்.
எண்ணினேன்.
பதினான்கு சொல், ஒரே மூச்சு.

"எழுதுங்க" என்றேன்.
சிரித்துவிட்டேன் போலிருக்கிறது,
இன்னும் கோபமாக இறங்கிப் போனார்.
கீழே அவர் கதவு சாத்தும்வரை
செருப்புச் சத்தத்தைக் கேட்டபடி
ஈரக் கையோடு நின்றிருந்தேன்.