ரோட்டுக்குப் போனவன்

ஆடி அமாவாசைக்கு இலை போட்டு
அப்பா பெயர்களைச் சொல்லுவார்:
மாதன், அவனைப் பெத்த சின்னப்பையன்,
சின்னப்பையனைப் பெத்த இருசன்,
இருசனைப் பெத்த தீர்த்தன்.
அங்கே குரல் இறங்கும்.
"அவன் ரோட்டுக்குப் போனவன்."

குடித்தானா, சூதில் தோற்றானா,
காட்டை விற்றானா, யாரும் கேட்டதில்லை.
ரோட்டுக்குப் போவதென்றால்
எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நான் தொப்பூர் டோல்கேட்டில் ஆறாவது லேன். ராத்திரி ஷிப்ட்.
அப்பா செத்த வருஷம், சேர்த்து வைத்த லீவில்
எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.
மூன்றாம் நாள் ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள்.
தாது வருஷப் பஞ்சம், நிவாரண வேலை,
கணவாய் ரோடு,
ஜல்லி உடைப்போர் கூலிப் பதிவு.

ரோடு.
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசைக்காரர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.
நூற்று நாற்பது சொச்சம் வருஷமாய்
ஒரு மனுசன் வேலைக்குப் போனதை
நாங்கள் குரல் தாழ்த்திச் சொல்லிவந்திருக்கிறோம்.

தகராறு அதற்குப் பிறகுதான்.
தீர்த்தமலையைக் கும்பிடுகிற சீமை,
ஒரே கூட்டத்தில் ஐந்து தீர்த்தன்.
தகப்பன் பெயர்க் கட்டம் காலி.
ஊர்ப் பெயரின் தலையைக் கறையான் தின்று
வால் மட்டும் மிச்சம்: அள்ளி.
மானியதஅள்ளியா, எர்ரபையனஅள்ளியா,
எங்கள் பக்கம் அள்ளிக்கா பஞ்சம்.

ஒருவனுக்குக் கல் குவியல் குறைவு, அரைக் கூலி.
ஒருவன் ஒரு அணா மூன்று பை,
அப்படியே பதினோரு வாரம், வேறொன்றும் இல்லை.
ஒருவனுக்குக் கட்டைவிரல் நசுங்கியிருக்கிறது,
அன்றிலிருந்து பெண்கள் கூலி.
நான்காமவன் பெயர்மேல் கோடு. காலரா.
ஐந்தாமவனுக்கு நேராக
ஓடிவிட்டான் என்று மட்டும்.

இருசன் பஞ்சத்துக்குப் பின்னால் பிறந்தவன் என்று கேள்வி.
ஆக, செத்தவனைக் கழித்துவிடலாம்.
கழித்தேன்.
ரயில் மொரப்பூர் வருவதற்குள் திரும்பச் சேர்த்தேன்.
பெண்டாட்டி வயிற்றில் பிள்ளையை விட்டுவிட்டு
செத்திருக்கலாமே.

ராத்திரி மூன்று மணி.
கிருஷ்ணகிரிக் கல்லை ஏற்றிக்கொண்டு
லாரி முக்கி முக்கி வருகிறது.
ரசீதில் தேதி, நேரம், வண்டி எண், லேன் ஆறு.
என் பெயர் விழ அதில் இடமில்லை.
கிழித்துக் கொடுக்கிறேன்.

இந்த வருஷம் தீர்த்தனுக்கு மட்டும் ஐந்து இலை போட்டேன்.
"இலை என்ன விலை விக்குது தெரியுமா?" என்றாள் அக்கா.
யார் யாரென்று சொன்னேன்.
கரண்டியோடு கேட்டுக்கொண்டே வந்தவள்
கடைசி இலையில் நின்று
இன்னொரு உருண்டை களி வைத்தாள்.
"ஓடினவனுக்குப் பசி ஜாஸ்தி இருந்திருக்கும்."

ஓட்டின்மேல் ஐந்தையும் தள்ளித் தள்ளி வைத்தோம்.
வெகுநேரம் கழித்து வந்த காக்கா
அரைக் கூலிக்காரன் சோற்றில் வாய் வைத்தது.
அதை ஆதாரமாக
எடுத்துக்கொள்ள முடியாது.