சிவக்கவில்லை

பிப்ரவரி. த்சுச்சியுராவில் தாமரைக்கிழங்கு வயல்.
இடுப்புவரை சேறு, மேலே மெல்லிசாய்ப் பனிக்கட்டி.
தண்ணீர்க் குழாயைச் சேற்றுக்குள் பீய்ச்சிக்
கிழங்கின் கழுத்தைக் காலால் தேடுகிறேன்.
அப்போது வருகிறது அது:
நெஞ்சுக்குழியில் யாரோ அடுப்பு மூட்டியதுபோல்
கழுத்து, காது, உச்சந்தலை.
ரப்பர் உடுப்புக்குள் நான் வேகிறேன்.
பக்கத்து வயல் நெமோதோ நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்,
"உங்கள் தலையிலிருந்து ஆவி பறக்கிறது, அக்கா."
உண்மைதான். பறந்தது.

எங்கள் மொழியில் இதற்குப் பெயர் கோனென்கி.
எழுத்தைப் பிரித்தால், ஆண்டுகள் புதுப்பிக்கப்படும் காலம்.
பெயர் வைத்தவனுக்கு வியர்த்திருக்காது.

பல்கலைக்கழகத்தில் ஆள் தேடினார்கள்:
மாதவிடாய் நின்று ஓராண்டு தாண்டியவர்கள்,
புகைக்காதவர்கள், மாத்திரை எதுவும் எடுக்காதவர்கள்.
எட்டு வாரம், நாளுக்கு ஆறு குளிகை.
சிலருக்கு மஞ்சளின் சத்து, சிலருக்கு வெறும் மாவு.
யாருக்கு எது என்று கொடுப்பவளுக்கும் தெரியாது.

மஞ்சளா என்று சிரித்தார் தெட்சுஜி.
குடிக்கப்போகும் இரவுகளில் ரயில் நிலையக் கடையில்
அவர் வாங்கி விழுங்கும் சின்ன டப்பா அதுதானே.
"உன் ரத்தக்குழாய்க்கும் போதை தெளியட்டும்."

முதல் நாள். கட்டிலில் படுக்கவைத்தார்கள்.
முன்கையில் பட்டையை இறுக்கி, ஐந்து நிமிடம்,
ரத்தத்தை வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள்.
விரல்கள் வெளுத்தன, மரத்தன,
பிறகு வேறு யாருடையவோ ஆயின.
ஒகித்சு என்ற பெண், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்,
"இப்போது விடுகிறேன்" என்றாள்.
மடை திறந்தது.
திரையில் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் இருட்டு.
இருட்டு கொஞ்சம் அகன்றது.
"வெள்ளம் வருவதை உள்சுவர் உணர்ந்து
தானாக விரிந்துகொடுக்கும். இந்த வயதில்
அந்த உணர்ச்சி மந்தமாகும்" என்றாள்.
எனக்கு எவ்வளவு?
நூற்றுக்கு நாலேகால்.
கடனுக்கு வட்டி சொல்வதுபோல் சொன்னாள்.

மூன்றாம் வாரம் கை சும்மா இருக்கவில்லை.
கொன்யாகு கிழங்குக் கூழ் இறுகுவதற்காகச்
சுண்ணாம்பு கரைத்துவைத்திருந்தேன்.
பள்ளியில் வேதியியல் வாத்தியார் செய்துகாட்டியது
நாற்பது வருஷம் கழித்து வந்து நின்றது:
சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும்.
ஒரு குளிகையைத் திருகித் திறந்தேன்.
நிறம் மஞ்சள்தான். வாசனை இல்லை.
ஒரு சொட்டு விட்டேன்.
மாதாமாதம் கழிவறையில் குனிந்து பார்த்துப் பார்த்து
போன வருஷம் பார்ப்பதை நிறுத்தினேனே,
அதே கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிவக்கவில்லை.

தொட்டியில் கழுவினேன். கறைகூடத் தங்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை.
மீதி ஐந்து வாரமும் வேளை தவறாமல்
அந்த ஒன்றுமில்லாததை விழுங்கினேன்.
சொன்னால் கணக்கு கெடும், அது ஒரு காரணம்.
இன்னொன்று,
காத்திருப்பு அறையில் என் எதிரே
விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி,
கட்டைவிரலில் ஊசித் தழும்புகள், தையல்காரியாக இருக்கும்.
என் முகம் சிவந்து வழிவதைப் பார்த்துப்
பேசாமல் விசிறியை என் பக்கம் திருப்பினாள்.
என் எண் நின்ற இடத்தில் நின்றால்தான்
அவள் எண் நகர்ந்ததா என்று தெரியும்.
நகரவில்லை என்றாலும் தெரியும்.
பேர் கேட்க மறந்துவிட்டேன்.

கடைசி நாள். மறுபடி பட்டை. மறுபடி ஐந்து நிமிடம்.
நாலேகால்.
இம்மியும் மாறவில்லை, மன்னியுங்கள் என்று
ஒகித்சு தலைகுனிந்தாள்.
நானும் குனிந்தேன், அவளைவிடக் கொஞ்சம் ஆழமாக.

கைக்குள் ரத்தம் குறுகுறுவென்று திரும்பிக்கொண்டிருந்தது.
வெளியே மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்று.
மேலங்கியின் பொத்தான்களைப் போடாமலே
பேருந்துக்கு நடந்தேன்.
நாளைக்கு நானூறு கிலோ கிழங்கு அனுப்ப வேண்டும்.