ஜீன்ஸ் மாறிப்போன வெள்ளிக்கிழமை

பத்தொன்பது வருடமாக
என் வேட்டி இந்த ரயிலில்
பைக்குள்தான் பயணம் செய்தது.
அடியில் வேட்டி, மேலே அர்ச்சனைத் தேங்காய்,
அதற்கும் மேலே ஒரு துவாய்.
யாரும் கேட்டால்
நீச்சலுக்குப் போகிறேன் என்று சொல்லலாம்.
யாரும் கேட்டதில்லை.

பேர்ணுக்கு வெளியே
டயர்க் கிடங்கை ஒட்டிய கோயில்.
அதன் கழிவறை ஈரத்தில்
கரை நனையாமல், ஒற்றைக் காலில் நின்று
உடுக்கவும் களையவும் பழகியவன் நான்.
கொக்குக்கும் அந்தப் பக்குவம் வராது.

அன்று பூசை முடிந்து வந்தால்
கொளுவியில் என் ஜீன்ஸ் இல்லை.
இன்னொன்று தொங்கியது.
என் முழங்காலைத் தாண்ட மறுத்தது.
காரில் வந்த யாரோ
பார்க்காமல் பையில் திணித்துக்கொண்டு
வேட்டியோடேயே போயிருக்கிறார்.
கார் இருந்தால் வேட்டி சுலபம்.

என் வீட்டுச் சாவி அந்த ஜீன்ஸில்.

மேடையில் நவம்பர்க் காற்று
எனக்காகவே நின்றதுபோல் நின்றது.
எட்டு முழமும் பாயாக விரிந்தது.
கொஞ்சம் கை விட்டிருந்தால்
ரயில் இல்லாமலே சூரிச் போய் இறங்கியிருப்பேன்.

பெட்டியில் எல்லாக் கண்ணும்
என் கணுக்காலில் என்று குனிந்திருந்தேன்.
நிமிர்ந்தால்,
எதிரே ஒரு பெண் அப்பிள் கடிக்கிறாள்.
ஒரு பையன் சப்பாத்துக் கயிற்றோடு மல்லுக்கு நிற்கிறான்.
ஷோன்பூலில் ஏறிய நாய் மட்டும் மோந்து பார்த்தது,
கரையில் ஒட்டியிருந்த சுண்டலை.

பரிசோதகர் வந்தார். சீட்டைக் காட்டினேன்.
நன்றி என்றார். போனார்.
இவ்வளவுதானா?
கோபம்கூட வந்தது எனக்கு.
பத்தொன்பது வருடம் ஒளித்ததற்கு
ஒரு முகச்சுளிப்பாவது
கிடைக்க வேண்டாமா?

கிடைத்தது.
பூர்க்டோர்ஃப் படிக்கட்டின் கீழே
மூன்று பொடியன்கள், கையில் பியர்.
"நல்ல பாவாடை" என்றான் ஒருவன்.
மற்றவர்கள் சிரித்தார்கள்.

நடை தடுமாறியது. உண்மை.
பிறகு என்ன நினைத்தேனோ தெரியாது,
திரும்பி நின்றேன்.
குனிந்து, இரண்டு ஓரமும் பிடித்து,
சடக்கென்று உதறி
மடித்துக் கட்டினேன்.

உள்ளே போட்டிருந்த
சாம்பல் நிறக் கம்பளிக் காற்சட்டை
முழங்கால்வரை வெளியே தெரிந்தது.
இருக்கட்டும்.
அதுவும் இந்த ஊர்ச் சந்தையில்
பேரம் பேசாமல் வாங்கியதுதான்.

படிகளை இரண்டிரண்டாக ஏறினேன்.
ஜீன்ஸ் ஒருநாளும்
என் கால்களை இப்படி விட்டதில்லை.
பின்னால் சிரிப்பு தொடர்ந்ததா,
கேட்கவில்லை.
காற்றில் துணி படபடத்த சத்தம் பெரிது.

மாற்றுச் சாவி கீழ்வீட்டு ஏபி அம்மாவிடம்.
மணி அடித்தேன்.
மடிப்பை இறக்கிவிட்டேன், மரியாதைக்கு.
கதவு திறந்தது. மேலும் கீழும் பார்த்தார்.

"இன்று என்ன விழா?"
"வெள்ளிக்கிழமை."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
கரையைக் கூர்ந்து பார்த்தார்.
"இந்த வெள்ளையை
எத்தனை டிகிரியில் துவைக்கிறீர்கள்?"
"அறுபது."
"தொண்ணூறு" என்றார் தீர்ப்பாக.
சாவியைத் தந்தார்.

மாடி ஏறும்போது கைபேசி.
யாரோ குகதாசனாம்.
"அண்ணை, குறை நினையாதேங்கோ,
உங்கட ஜீன்ஸ் என்ரை பைக்குள்ள வந்திட்டுது.
நாளைக்கே கொண்டுவந்து தாறன்."

"சாவியை மட்டும் தபாலில போடுங்கோ" என்றேன்.
"மற்றதுக்கு அவசரமில்லை."